இலகுரக ஸ்போர்ட்ஸ் காரில் முதல் ட்ராக் டே: தென்னாப்பிரிக்காவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் இருந்தாலும் லெனேசியாவில் இருந்தாலும், மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்2, லோட்டஸ் எலீஸ், பைன்டவுனில் தயாரான பர்க்கின் என்று சின்னக் கார் வைத்திருப்பவர்கள் முதல் ட்ராக் டேக்கு (சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு) முன் கேட்கும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். பதில்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் எண் கொடுத்திருக்கிறோம்.

1. ட்ராக் டேன்னா ரேஸா? யாரையாவது முந்தியே ஆகணுமா?

ரேஸ் இல்லை. பரிசு கிடையாது, வரிசை கிடையாது. அனுபவத்தைப் பொறுத்து ஓட்டுநர்களைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் 15 முதல் 20 நிமிடம் வரை மாற்றி மாற்றி உள்ளே விடுவார்கள். இந்த ஒரு முறையைத்தான் செஷன் என்கிறோம். காலையில் விதிகளைச் சொல்லும் கூட்டம் நடக்கும். அதைத் தவறவிட்டவரைப் பெரும்பாலும் ஓட்ட விடுவதில்லை. பதிவுப் படிவத்தில் "முதல் முறை" என்றே எழுதுங்கள். கௌரவம் பார்த்து நடுத்தரக் குழுவில் போய் உட்கார்ந்தால் அந்த நாள் முழுவதும் கண்ணாடியைப் பார்த்தே கழியும்.

2. எந்த ட்ராக்குக்குப் போறது? கயலாமிக்கே நேரா போயிடலாமா?

போகலாம், ஆனால் அது முதல் நாளுக்குக் கொஞ்சம் பெரிய இடம். ஜொகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே இருக்கும் கயலாமி 2014இல் ஏலத்தில் கைமாறி, திருத்தி அமைக்கப்பட்டு 2016இல் மறுபடி திறந்தது. இப்போது ஒரு சுற்று 4.522 கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் அதிகம். மைன்ஷாஃப்ட் என்ற செங்குத்து இறக்கத்தில் காரின் பாரம் முழுவதும் முன்பக்கம் சாயும் வேகத்தில் போவீர்கள். பல திருப்பங்களில் வெளியேறும் இடம் உள்ளே நுழையும்போது கண்ணுக்குத் தெரியாது.

பிரிட்டோரியாவின் மேற்கே, லாடியத்திலிருந்து எட்டிப்போகும் தூரத்தில் உள்ள ஸ்வார்ட்காப்ஸ் சின்னது, வேகமும் குறைவு. திருப்பங்களை மனப்பாடம் செய்ய அரை நாள் போதும். 1,000 கிலோ காருக்கு முதல் இடமாக அதைத்தான் சொல்வோம். டர்பன்காரர்களுக்குத் தெற்குக் கடற்கரையில் போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸி இருக்கிறது. கேப்டவுனில் கில்லார்னி, கெபேஹாவில் ஆல்டோ ஸ்கிரிபான்டே.

3. என் கார்ல பவரே இல்லையே, போனா கேவலமா இருக்காதா?

பவர் குறைவாக இருப்பதுதான் உங்களுக்குச் சாதகம். கணக்கைப் பாருங்கள்: 1,000 கிலோ கார் 180 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு இறங்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 1 மெகாஜூல். அதே வேலையை 1,600 கிலோ செடான் செய்தால் 1.6 மெகாஜூல். கனமான கார் மூன்றாவது சுற்றில் பிரேக்கைப் புகைய வைக்கும்போது, உங்கள் கார் ஆறாவது சுற்றிலும் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். டயரும் குறைவாகத்தான் தேயும்.

முதல் ட்ராக் டேக்கு முன் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், கம்ப்யூட்டர் ட்யூனிங் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தைக் கேள்வி 4, 5, 6இல் உள்ளவற்றில் போடுங்கள். மிச்சம் இருந்தால் பயிற்சியாளர் ஒருவரை ஒரு செஷனுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

4. பிரேக் ஆயில் நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்தணும்?

ரோட்டில் நன்றாக இருக்கும் ஆயில் ட்ராக்கில் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டர்பன் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அழுந்தும், பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. முதல் ட்ராக் டேயில் பயமுறுத்தும் சம்பவங்களில் பல இந்த ஒரு காரணத்தால்தான்.

ட்ராக் டேக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள், மூடி திறக்காத புட்டியிலிருந்து முழுவதும் மாற்றுங்கள். 1 லிட்டர் தாராளமாகப் போதும். நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 முதல் நாளுக்குச் சரி. 300 டிகிரி தாண்டும் ரேஸிங் ஆயிலும் கிடைக்கிறது. அது வேகமாக ஈரம் இழுக்கும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்பது வேறு சமாசாரம், சிலிகான் வகை. 5.1 என்று நினைத்து அதை ஊற்றிவிடாதீர்கள்.

சக்கரம் சக்கரமாகப் பழைய ஆயிலை வெளியேற்ற, நம் வலப்பக்க ஸ்டீயரிங் கார்களில் வழக்கமான வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமானது முதலில். உங்கள் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். கப்பில் ஆயில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போக விடக் கூடாது; ஒரு தடவை காற்று உள்ளே போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடலோரக் கார் என்றால் அந்தச் சாக்கில் பின்பக்க இரும்பு பிரேக் குழாய்களைத் தடவிப் பாருங்கள். உப்புக் காற்று அரித்து, பெயிண்ட் கொப்புளித்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் ட்ராக்.

5. பிரேக் பேடு பாதி இருக்கு. போதுமா? ரேஸிங் பேடு போடணுமா?

பாதிக்கு மேல் இருந்தால் போகலாம். பாதிக்குக் கீழே என்றால் புதிதாகப் போடுங்கள். மெல்லிய பேடு வெப்பத்தைத் தடுக்காது, நேராக காலிப்பருக்கும் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஆயிலுக்கும் கடத்தும். அதாவது கேள்வி 4இன் பிரச்சினைக்கு வழி திறந்துவிடும். சாதாரண கடைப் பேடு இலகுவான காரில் முதல் நாளைத் தாங்கும், ஆனால் நடுவே ஓய்வு கொடுக்க வேண்டும். ரோட்டிலும் ட்ராக்கிலும் பயன்படும் நடுத்தரப் பேடு இருந்தால் அதுவே சிறந்தது. முழு ரேஸிங் பேடு குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. காலையில் என்3 நெடுஞ்சாலையில் அது உங்களுக்கு வேண்டாம்.

புதுப் பேடைப் போட்டுக்கொண்டு நேராக ட்ராக்குக்கு வராதீர்கள். காலியான சாலையில் 100லிருந்து 30 கி.மீ. வரை எட்டுப் பத்து முறை உறுதியாகப் பிரேக் பிடியுங்கள், முழுதாக நிறுத்தாமல். பிறகு பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். டிஸ்க்கில் மயிரிழைக் கோடுகள் தெரிவது சகஜம். கோடு டிஸ்க்கின் விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்த டிஸ்க் குப்பைக்கு. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

6. புது டயர் வாங்கணுமா?

முதல் நாளுக்கு வேண்டாம். நல்ல ரோடு டயரே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்ல வாத்தியார்: பிடி விடும் முன் கீச்சென்று கத்தி எச்சரிக்கும். அரை ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் குறைந்த ட்ராக் டயர்) அதிகம் பிடிக்கும், ஆனால் விடும்போது சட்டென்று விடும்.

பட்டன் குறைந்தது 3 மி.மீ. இருக்கட்டும். ரோட்டில் சட்டம் 1 மி.மீ.தான் கேட்கிறது. ஆனால் நாள் முடிந்து அதே டயரில்தான் வீடு திரும்ப வேண்டும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெயிலில் நின்று ஆறு ஏழு வருடம் ஆன டயர் பட்டன் முழுதாக இருந்தாலும் கல்லாகியிருக்கும். அப்படிப்பட்ட டயரை மட்டும் மாற்றுங்கள்.

7. டயர்ல காத்து எவ்வளவு வைக்கிறது? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளுக்கு ஒன்று சொல்லக் காரணம், பாதிப்பேர் குளிர்ந்த அளவையும் மீதிப்பேர் சூடான அளவையும் சொல்வதுதான். ட்ராக்கில் கணக்கு சூடான அளவு. செஷன் முடிந்து பிட்டுக்குள் (ட்ராக்கின் ஓரம் கார்கள் வந்து நிற்கும் இடம்) வந்த உடனே அளக்க வேண்டும். எம்எக்ஸ்-5 எடையுள்ள காருக்கு, ரோடு டயரில், சூடாக 2.0 பார் (காற்றழுத்த அலகு) என்ற இலக்கோடு தொடங்குங்கள். பர்க்கின் போன்ற 600 கிலோ அளவு கார்களுக்கு அது மிக அதிகம். 1.3 முதல் 1.5 வரை பாருங்கள்.

டயருக்குள் காற்று 60 டிகிரிக்கு ஏறும் என்று வைத்துக்கொள்வோம். ஹைவெல்டு (ஜொகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள மேட்டுநிலம்) குளிர்காலக் காலையில் 5 டிகிரி இருக்கும்போது 1.5 பார் வைத்தால்தான் சூட்டில் 2.0க்கு வரும். கோடையில் 25 டிகிரி என்றால் 1.7 வைக்க வேண்டும். அதனால் "குளிரில் 1.8 வை" என்று யாராவது சொன்னால் எந்த மாதத்தில், எந்த ஊரில் என்று திருப்பிக் கேளுங்கள். 1.5 வைத்த டயர் சூடேறும் வரை, முதல் ஒன்றரைச் சுற்று, கார் சோப்பு மேல் நிற்பது போல இருக்கும். அப்போது அவசரப்படாதீர்கள்.

டர்பனிலிருந்து மேலே வருபவர்களுக்கு ஒரு வேடிக்கை. கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டும். 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று சுமார் 0.16 பார் குறைவு, ஆகவே கேஜ் அவ்வளவு கூட்டிக் காட்டும். ஆனால் காலைக் குளிர் கிட்டத்தட்ட அதே அளவைக் குறைத்துவிடும். டர்பனில் 25 டிகிரியில் வைத்த 1.8, கயலாமியின் 5 டிகிரியிலும் 1.8க்குப் பக்கத்தில்தான் இருக்கும். மதியம் வெயில் ஏறியதும் கணக்கு மாறிவிடும். ஒரே கேஜை நாள் முழுவதும் பயன்படுத்துங்கள், பெட்ரோல் பங்க் கேஜை நம்பாதீர்கள். ஒவ்வொரு செஷனுக்கும் நான்கு எண்களை எழுதி வையுங்கள்.

8. டர்பன்ல பறக்கிற கார் கயலாமியில ஏன் இழுக்கவே மாட்டேங்குது?

காற்று மெல்லிசு. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு, டர்போ இல்லாத எஞ்சினில் பவரும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். கார் பழுதில்லை. டர்போ காரில் இழப்பு குறைவு. கடலோரத்தை விட்டு உள்ளே இருக்கும் பெட்ரோல் பங்க்குகளில் 93 ஆக்டேன் பெட்ரோல் இருப்பதற்கும் இந்த உயரம்தான் காரணம். சாதாரண எஞ்சினுக்கு இந்த உயரத்தில் 93 போதும். ட்ராக்கில் எஞ்சின் அதிகச் சூட்டில் ஓடும், டர்போவும் உயர் கம்ப்ரஷன் எஞ்சினும் 95 கேட்கும். கடலோரத்துக்குத் திரும்பும் முன் டேங்கில் 93 நிறைய மிச்சம் வைக்காதீர்கள்.

9. எஞ்சின் ஆயில், கூலன்ட் பத்திச் சொல்லுங்க.

ஆயிலைக் குச்சியின் மேல்கோடு வரை நிரப்புங்கள். நீண்ட திருப்பத்தில் ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடித்தொட்டியின்) ஒரு பக்கம் ஒதுங்கும். மட்டம் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். டொயோட்டா 2இசட்இசட் எஞ்சின் உள்ள எலீஸில், பிடி அதிகமுள்ள டயரோடு இந்த ஆபத்து தெரிந்த விஷயம். தடுப்புத் தகடு வைத்த சம்ப் இல்லாமல் அரை ஸ்லிக் போடாதீர்கள். மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது, நுரைக்கும்.

கூலன்ட்டில் முக்கியமானது ரேடியேட்டர் மூடி. ஹைவெல்டில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி பிடித்து வைக்கும் அழுத்தம்தான் அதை 115க்கு மேலே தள்ளுகிறது. பழைய எம்எக்ஸ்-5இல் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள், மலிவான சாமான்தான். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பாக மாறியிருந்தால் அது விரிசல் விடும் நாள் பக்கத்தில் இருக்கிறது.

10. சாஃப்ட் டாப் கார். ரோல் பார் இல்லாம விடுவாங்களா?

ரோல் பார் என்பது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி வளைவு. இடத்துக்கு இடம் விதி வேறு. பணம் கட்டும் முன் கேளுங்கள். அவர்கள் விட்டாலும் நீங்கள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ஹெல்மெட்டோடு சீட்டில் உட்காருங்கள். ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிவரை துடைப்பக் கட்டையை நேராக வையுங்கள். ஹெல்மெட் அதற்கு 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். கட்டை ஹெல்மெட்டில் முட்டினால் சீட்டைத் தாழ்த்தாமல் போகக் கூடாது. சீட்டுக்குப் பின்னால் அலங்காரத்துக்கு வைத்த பளபளக் கம்பி ரோல் பார் ஆகாது.

11. நாலு முனை பெல்ட் மட்டும் வாங்கிப் போட்டா போதுமா?

ரோல் பார் இல்லாத காரில் அது மூன்று முனை பெல்ட்டைவிட ஆபத்து. கவிழ்ந்தால் சாதாரண பெல்ட்டில் உடல் பக்கவாட்டில் சாய இடம் உண்டு. நாலு முனை பெல்ட் உங்களை நிமிர்த்தியே பிடித்து வைக்கும், பாரம் முழுவதும் தலையில் விழும். கார் கம்பெனி பெல்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெல்ட்டை மாட்டி, சட்டென்று இழுத்துப் பூட்ட வைத்து, பிறகு சீட்டை முன்னால் நகர்த்தினால் இடுப்பு இறுகிவிடும்.

12. பைக் ஹெல்மெட் போதுமா? என்ன உடுத்தணும்?

பல ட்ராக் டேக்களில் விடுவார்கள். வித்தியாசம் தெரிந்திருக்கட்டும்: ஸ்னெல் தரத்தில் எஸ்ஏ2020 என்று இருந்தால் காருக்கானது, உள்துணி தீப்பிடிக்காது, ரோல் பாரில் மோதும் சோதனையும் உண்டு. எம்2020 பைக்குக்கானது, இவை இரண்டும் இல்லை. திறந்த காருக்கு முகம் மூடிய ஹெல்மெட்தான் போட வேண்டும், முன்னால் போகும் கார் கல் வீசும்.

முழுக்கை பருத்திச் சட்டை, முழு நீளப் பருத்திக் கால்சட்டை. நைலான் உருகித் தோலில் ஒட்டும். மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ. கையில் கட்டிய காப்புக் கயிறு இருக்கட்டும், நீளமான சங்கிலியைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

13. இன்சூரன்ஸ் இருக்கே, இடிச்சா குடுப்பாங்கல்ல?

பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். சாதாரண பாலிசிகளில் ரேஸ், வேகப் போட்டி, ட்ராக்கில் ஓட்டுவது விலக்கப்பட்டிருக்கும். போட்டியில்லாத பயிற்சிக்கு உண்டா என்று புரோக்கரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன "ஓகே"வுக்கு மதிப்பில்லை. மெடிக்கல் எய்டின் (மருத்துவக் காப்பீட்டின்) விலக்குப் பட்டியலையும் ஒரு தடவை படியுங்கள். ட்ராக்கில் நீங்கள் கையெழுத்திடும் பொறுப்புத் துறப்புப் படிவத்தின் பொருள், தடுப்புச் சுவரைச் சேதப்படுத்தினால் அதன் பில்லும் உங்களுக்கே வரலாம் என்பதுதான்.

சுருக்கமாகச் சொன்னால்: முழுதாகப் போனால் தாங்க முடியாத காரை, கடனில் ஓடும் காரை, ட்ராக்குக்குக் கொண்டு போகாதீர்கள்.

14. டேஷ்போர்டுல பிள்ளையார் இருக்கார். எடுக்கணுமா?

எடுக்க வேண்டும். நல்ல டயரில் முழு பிரேக் பிடித்தால் காருக்குள் ஏறக்குறைய 1 ஜி விசை வரும், கிட்டத்தட்ட டேஷ்போர்டைச் செங்குத்தாக நிறுத்தியது மாதிரி. அரைக் கிலோ வெண்கலப் பிள்ளையாரைக் காந்தமும் இரட்டை ஒட்டு டேப்பும் தாங்காது. அவர் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் விக்னமே அவரால்தான். பையில் பத்திரமாக வைத்து பிட்டில் விடுங்கள்.

கண்ணாடியில் தொங்கும் மாலை, தரைப் பாய், சில்லறை, கதவுப் பையில் உள்ள தண்ணீர் புட்டி, ஸ்பேர் டயர், ஜாக் எல்லாம் வெளியே. கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்குவது வீட்டு வாசலிலேயே நடக்கட்டும். பிட் பாதையில் வழுக்கும் எதையும் போடக் கூடாது.

15. என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?

டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்), சரியான சாக்கெட், நல்ல ஜாக், ஏர் கேஜ், கால் பம்ப் அல்லது பேட்டரி பம்ப். எஞ்சின் ஆயில் 1 லிட்டர், பிரேக் ஆயில் ஒரு மூடிய புட்டி, கூலன்ட் அல்லது தண்ணீர் 5 லிட்டர். கேபிள் டை, அகல டேப், கண்ணாடி துடைக்கத் துணி. பழைய பேடுகளை மாற்றினீர்கள் என்றால் அவற்றையும் போடுங்கள், வீடு திரும்ப உதவும். காரை இழுக்கும் கொக்கியைத் தேடி எடுத்துக் காலையிலேயே திருகி வையுங்கள். சில கார்களில் அது இடப்பக்கமாகத் திருகும்.

வீல் நட் முறுக்கு கையேட்டில் இருக்கும். பழைய எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறிய பின் மறுபடி சரிபாருங்கள். அப்போதுதான் ஒன்றிரண்டு நட் கால் சுற்று நகரும்.

பாக்கியில் (பிக்கப் வண்டியில்) டிரெய்லர் கட்டி வருகிறீர்களா? மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போகும் டிரெய்லருக்கு ஈபி உரிமம் வேண்டும்.

16. ஒரு டேங்க் பெட்ரோல் போதுமா?

ரோட்டில் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார் ட்ராக்கில் 20, 25 குடிக்கும். கயலாமியில் 20 நிமிட செஷனில் ஏறத்தாழ எட்டுச் சுற்று, அதாவது 36 கிலோமீட்டர். ஐந்து செஷனுக்கு 40 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் திருப்பத்தில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் இருமும். மதிய இடைவேளையில் நிரப்புங்கள்.

17. முதல் செஷன்ல எப்படி ஓட்டணும்?

பத்தில் ஆறு பங்கு. முதல் சுற்று டயருக்கும் பிரேக்குக்கும் சூடேற்ற, கடைசிச் சுற்று ஆற வைக்க. நடுவில் உள்ளவற்றில் பாதை கற்றுக்கொள்ளுங்கள். கூம்பு எங்கே, கொடி நிற்கும் மேடை எங்கே, பிட் வாசல் எங்கே என்று கண்ணில் படட்டும். பிரேக் நேர்கோட்டில், உறுதியாக, சீக்கிரமே. பிரேக்கிலிருந்து காலை மெதுவாக விட்டபடி திருப்புங்கள். பார்வை காரின் மூக்கில் வேண்டாம், போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

பிரேக்கைத் தாமதிப்பதில் கிடைக்கும் நேரம் அற்பம், திருப்பத்திலிருந்து சீக்கிரம் ஆக்சிலரேட்டர் கொடுப்பதில்தான் சுற்று நேரம் குறைகிறது. லேப் டைமரை முதல் நாள் போடவே போடாதீர்கள். நான்காவது கியருக்குப் போக வேண்டியவர் அவசரத்தில் ஐந்திலிருந்து இரண்டுக்குப் போட்டு எஞ்சினை உடைப்பதும் அந்த டைமரைப் பார்த்துக்கொண்டு போகும் போதுதான்.

18. கொடி எல்லாம் ஞாபகம் வச்சுக்க முடியலையே?

இவற்றை மட்டும் மறக்காதீர்கள். மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு: செஷன் நின்றது, கண்ணாடி பார்த்து மெதுவாக்கி பிட்டுக்கு வா. சடாரென்று பிரேக் அடிக்காதே. கறுப்பு: உன்னைத்தான், பிட்டுக்கு வா. நடுவில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் உன் காரில் கோளாறு, ஆயில் சொட்டுகிறதோ என்னவோ. மஞ்சளும் சிவப்பும் பட்டையாக இருந்தால் தரை வழுக்கும். நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார்.

19. பின்னாடி பெரிய கார் வந்து ஒட்டுது. என்ன பண்றது?

நேர்பாதையில் எந்தப் பக்கம் போகலாம் என்று கையைக் காட்டி, ஆக்சிலரேட்டரைச் சற்றே விடுங்கள். உங்கள் பாதையை விட்டு விலகாதீர்கள், அவர் சுற்றிப் போவார். எந்த இடத்தில் முந்தலாம், எந்தப் பக்கம் என்பது காலைக் கூட்டத்தில் சொல்லப்பட்டிருக்கும். இலகுவான கார் திருப்பத்தில் அவரை நெருங்கும், நேர்பாதையில் அவர் ஓடிவிடுவார். இதனால் எரிச்சல் வருவது இயல்பு. ஒரு தடவை பிட்டுக்குள் போய் வந்தால் இடைவெளி கிடைத்துவிடும்.

20. பெடல் திடீர்னு கீழே போச்சு. பேடா, ஆயிலா?

பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேடு சூடாகிப் பிடியிழந்தது (கேள்வி 5). பெடல் பஞ்சு மாதிரி அழுந்தினால் ஆயில் கொதித்தது (கேள்வி 4). முதலாவது ஒரு சுற்று மெதுவாகப் போனால் சரியாகும். இரண்டாவதற்கு அந்த நேரத்தில் பெடலை இரண்டு மூன்று முறை குத்தி, கியரைக் குறைத்து, பிட்டுக்குப் போங்கள். ஆறியதும் பெடல் திரும்பி வந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். கொதித்த ஆயிலை வெளியேற்றாமல் மறுபடி உள்ளே போகக் கூடாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு: நேர்பாதைக்குப் பிறகு முதல் மிதி மட்டும் நீளமாகப் போய், இரண்டாவது சரியாக இருந்தால், வீல் பேரிங் ஆடி டிஸ்க் பேடைத் தள்ளிவிட்டிருக்கும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

21. திருப்பத்துல பயந்து ஆக்சிலரேட்டரை விட்டேன், பின்பக்கம் சுத்திடுச்சு. ஏன்?

காலை எடுத்ததும் பாரம் முன்னால் பாயும், பின் டயரில் எடை குறையும். எஞ்சின் நடுவில் உள்ள எலீஸ், எம்ஆர்2 போன்றவற்றில் கனம் பின்னால் இருப்பதால் சுழற்சி தொடங்கினால் நிற்காது. அதிக வேகத்தில் நுழைந்துவிட்டதாகத் தோன்றினால் காலை முழுவதும் எடுக்காமல் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, ஸ்டீயரிங்கைச் சற்று நேராக்கி, அகலமாக வெளியே போங்கள். அதற்குத்தான் ட்ராக்கில் இடம் விட்டிருக்கிறார்கள்.

சுற்ற ஆரம்பித்துவிட்டால் கிளச், பிரேக் இரண்டையும் முழுவதும் அழுத்துங்கள். கார் நிற்கும் வரை எடுக்காதீர்கள். பாதி வழியில் பிரேக்கை விட்டால் கார் ட்ராக்கின் குறுக்கே பாயும். புல்லுக்குள் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மெதுவாகத் திரும்பி வந்து, நேராக பிட். அடியில் கல்லும் புல்லும் சிக்கியிருக்கும், எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்த புல் பற்றும்.

22. மழை வந்தா வீட்டுக்குக் கிளம்பிடலாமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஹைவெல்டில் பிற்பகல் இடியும் ஆலங்கட்டியும் வழக்கம். ஆலங்கட்டி விழுந்தால் கார் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும், பிட் கொட்டகையை முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். வெறும் மழை என்றால் ஓட்டிப் பாருங்கள். வழக்கமான பாதையில் படிந்த ரப்பர் நனைந்தால் வழுக்கும், அதைவிட்டு ஒரு அடி வெளியே பிடி அதிகம். மழையில் அரை வேகத்தில் கற்பது வறண்ட நாள் மூன்றில் கற்பதைவிட அதிகம் என்பது எங்கள் கருத்து.

23. காவடி விரதத்துல இருக்கேன். ட்ராக் டே அந்த வாரம்தான். போகட்டுமா?

சைவச் சாப்பாடு பிரச்சினையே இல்லை, பீன்ஸ் கறியும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போங்கள். ட்ராக்கில் விற்பது பெரும்பாலும் பர்கரும் பூரவோர்ஸ் என்ற இறைச்சி சாசேஜும்தான். ஒரு வேளை மட்டும் உண்பவர், அல்லது பகலில் தண்ணீரும் குடிக்காதவர் என்றால் வேறு தேதி பாருங்கள். தைப்பூசம் கோடையில் வருகிறது. ஹெல்மெட்டுக்குள் 20 நிமிடம் வியர்த்தால் கவனம் முதலில் போகும், கைகால் அப்புறம்தான் தளரும். செஷனுக்கு ஒரு அரை லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வேண்டும். விரதம் இல்லாதவர்களும் மதியம் வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி செஷனுக்குப் போகாதீர்கள்.

24. செஷன் முடிஞ்சதும் காரை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடலாமா?

போடாதீர்கள். சூடான பேடு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க்கும் கோணலாகும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டர்போ கார் என்றால் ஆற வைக்கும் சுற்றுக்குப் பிறகும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

25. அன்னிக்கே டர்பனுக்கு ஓட்டிக்கிட்டுத் திரும்பலாமா?

தூரம் 570 கிலோமீட்டருக்குக் குறையாது. நாள் முழுவதும் ஓட்டிய பிறகு இருட்டில் வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்குவது நல்ல யோசனை இல்லை. ஒரு இரவு தங்குங்கள்.

காலையில் கிளம்பும் முன் பேடு தடிமன், வீல் நட், ஆயில் மட்டம், பக்கச் சுவரில் வெட்டு ஆகியவற்றைப் பாருங்கள். டயர் காற்றை மறக்காதீர்கள்: சூட்டில் 2.0க்கு இறக்கியவை மறுநாள் குளிரில் 1.5இல் நிற்கும் (கேள்வி 7). சாமான் ஏற்றிய காருக்கு நெடுஞ்சாலையில் அது ஆபத்தான அளவு. கையேட்டில் உள்ள குளிர்ந்த அளவுக்கு ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும், கேஜ் மறுபடி 0.16 பார் குறைத்துக் காட்டும். டர்பன் போனதும் ஒரு தடவை சரிபாருங்கள். பிரேக் ஆயில் கொதித்திருந்தால், அடுத்த ட்ராக் டே வரை காத்திருக்காமல் அந்த வாரமே மாற்றுங்கள்.